பிசிஓடி: மூன்று வேளையும் சோறு சமைக்கிற வீட்டில் எப்படிச் சமாளிப்பது?

அரசலாறு:
எல்லாருக்கும் வணக்கம். வயது 23, கும்பகோணம் பக்கத்துக் கிராமம். ஒரு வருடத்துக்கு மேலாக மாதவிலக்கு இரண்டு மாதம், சில சமயம் மூன்று மாதம் என்று தள்ளிப்போகிறது. தாடையில் முடி, முகத்தில் பரு, பின்கழுத்தில் கருப்பு. ஸ்கேனில் இரண்டு சினைப்பையிலும் பிசிஓடி, அதாவது நீர்க்கட்டி, என்று எழுதியிருக்கிறது. உயரம் 157 செ.மீ., எடை 68 கிலோ. டாக்டர் மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை எழுதிக்கொடுத்து, "அரிசியை விடு, எடையைக் குறை" என்றார். அதற்கு மேல் கேட்க நேரம் கிடைக்கவில்லை.

எங்கள் வீட்டில் காலையில் இட்லி, மதியம் சாதம், ராத்திரி தோசை, இல்லையென்றால் மிஞ்சிய சாதம். சொந்த நிலத்து நெல். அரிசியை விடச் சொன்னால் அம்மாவுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. எனக்கு மட்டும் ஓட்ஸ் காய்ச்சித் தருகிறார். எல்லாரும் வத்தக்குழம்பும் அப்பளமுமாகச் சாப்பிடும்போது நான் அந்தக் கஞ்சியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வீடியோக்களில் ஒருவர் பால் கூடாது என்கிறார், இன்னொருவர் பழம் கூடாது என்கிறார். அப்பாயியோ கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று ஜாதகத்தை எடுத்துவிட்டார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள் அக்கா. இதை எப்படிச் சமாளித்தீர்கள்?

குடமுருட்டிக்கரை:
தங்கச்சி, முதலில் அந்த ஓட்ஸ் கஞ்சியை நிறுத்தச் சொல். ஓட்ஸ் கெட்டது என்று சொல்லவில்லை. தனித்தட்டில் உனக்கு மட்டும் பத்தியம் என்றால் எத்தனை நாள் ஓடும்? பிசிஓடி மண்டலக் கணக்கில் மருந்து சாப்பிட்டு முடித்துவிடும் வியாதி இல்லை. வருடக்கணக்கில் கூடவே வரும். அதனால் வீட்டுச் சமையல்தான் மாற வேண்டும், எல்லாருக்கும் சேர்த்து. எனக்கு 26 வயதில் கண்டுபிடித்தார்கள். இப்போது இரண்டு பிள்ளைகள். இன்றைக்கும் மதியம் சோறுதான் சாப்பிடுகிறேன்.

நம் பக்கத்தில் தட்டு நிறையச் சோறு, அதில் குழம்புக்கு ஒரு குழி, ரசத்துக்கு மறுசோறு, மோருக்கு மறுபடியும் ஒரு பிடி. பொரியல் ஓரத்தில் தொட்டுக்கொள்ள மட்டும். இதைத் திருப்பிப் போட்டுவிடு. பாதித் தட்டுக்குக் காய், கீரை. கால் தட்டுக்குப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் ஏதாவது ஒன்று. மிச்சக் கால் தட்டுக்குச் சோறு. சாப்பிடும்போதும் காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. சோற்றை ஒரே தடவையில் போட்டுக்கொள். ரசத்தைத் தனியாக டம்ளரில் குடித்துவிடு. மறுசோறு போவது அங்கேதான் நிற்கும்.

காய் அவ்வளவு சாப்பிட வேண்டுமென்றால் ருசியாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதிகம் ஓடுவது வாழைத்தண்டுக் கூட்டு. வட்டமாக நறுக்கும்போதே ஒவ்வொரு வில்லைக்கும் நாரை ஆள்காட்டி விரலில் சுற்றி எடுத்துவிட்டு, மோர் கலந்த தண்ணீரில் போட்டுக்கொள்வேன், கறுக்காது. பாசிப்பருப்பை மலர வேகவைத்து, தண்டைச் சேர்த்து, தேங்காய் கொஞ்சமாக, சீரகமும் பச்சை மிளகாயும் அரைத்துவிட்டு இறக்கும்போது ஒரு கரண்டி எண்ணெயில் தாளிப்பு. கெட்டியாக இருக்க வேண்டும், குழம்பு மாதிரி ஓடக்கூடாது. இது இரண்டு கிண்ணம் உள்ளே போனால் தானாகச் சோறு குறையும். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தது. அவருக்கும் இதே தட்டுதான்.

காலையில் இட்லிக்குச் சட்னி மட்டும் போதாது. உங்கள் ஊர்க் கடப்பாவில் உருளைக்கிழங்கைக் குறைத்துப் பாசிப்பருப்பைக் கூட்டிச் செய்யச் சொல். மூன்று இட்லியோடு நிறுத்தலாம். அப்புறம் காபி. கும்பகோணத்துக்காரியிடம் காபியை விடு என்று சொல்லமாட்டேன். சர்க்கரையை விடு. ஒரு டம்ளருக்கு இரண்டு டீஸ்பூன், நாளைக்கு மூன்று டம்ளர் என்றால் அதிலேயே ஏறக்குறைய 25 கிராம் போய்விடுகிறது. உலக சுகாதார அமைப்பு ஒரு நாளைக்கு அதற்குள் நிறுத்தினால் நல்லது என்று சொல்லும் அளவே அவ்வளவுதான். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் இதே கணக்கில்தான் வரும்.

வார்டு சிஸ்டர்:
நான் தஞ்சாவூரில் பிரசவ வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலி. குடமுருட்டிக்கரை சொன்ன தட்டை நானும் ஏற்றுக்கொள்கிறேன். மருத்துவப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன்.

மகளே, ஸ்கேனில் தெரிவது கட்டி இல்லை. முழுதாக வளராமல் நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப்பைகள். அறுத்து எடுக்க வேண்டியதும் இல்லை, வெடிக்கும் என்று பயப்படவும் வேண்டாம். ஸ்கேனை மட்டும் வைத்து இதை முடிவு செய்வதும் இல்லை. 2003-இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் மருத்துவர்கள் கூடி வகுத்த அளவுகோல்தான் இன்றும் அடிப்படை. மாதவிலக்கு ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் கூடியதற்கான அடையாளம் அல்லது ரத்தப் பரிசோதனை முடிவு, ஸ்கேன். இந்த மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். அதற்கு முன்னால் தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) இரண்டையும் பார்த்து, அவை காரணமில்லை என்று உறுதி செய்ய வேண்டும். உனக்கு அவை பார்த்தார்களா?

பின்கழுத்துக் கருப்பு அழுக்கு இல்லை. கடலை மாவு போட்டுத் தேய்க்காதே. அது ரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம். கடைமடைக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று மேட்டூரில் கூடுதலாகத் திறந்தால், தலைமடை வயல் மூழ்கிப்போகும் இல்லையா? உடம்பிலும் அதுதான் நடக்கிறது. தசையும் கல்லீரலும் இன்சுலினுக்குச் செவிசாய்க்காததால் கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. சினைப்பையோ அந்த இன்சுலினை ஏற்றுக்கொண்டு ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. முடி, பரு, முட்டை வளராமை எல்லாம் அதன் விளைவு. இதனால்தான் சாப்பாடும் நடையும் இந்தப் பிரச்சினையில் மருந்துக்குச் சமமாக வேலை செய்கின்றன.

இரண்டு விஷயம் கட்டாயம். ஒன்று, சர்க்கரைப் பரிசோதனை. வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் பார்த்துவிட்டு நார்மல் என்று விட்டுவிடாதே. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையைக் கேள். நம் நாட்டுப் பெண்களுக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பு கூடுதல். இரண்டாவது, 90 நாளைத் தாண்டி மாதவிலக்கு வராமல் இருக்க விடாதே. வலி இல்லை, தொந்தரவு இல்லை என்று நிறையப் பேர் ஆறு மாதம், எட்டு மாதம் விட்டுவிடுகிறார்கள். கர்ப்பப்பையின் உள்சவ்வு உதிராமல் தடித்துக்கொண்டே போனால் பிற்காலத்தில் புற்றுநோய் வரைக்கும் போகலாம். மாத்திரை கொடுத்து வரவழைப்பது அதற்காகத்தான். அதைச் செயற்கை என்று ஒதுக்காதே.

எடை பற்றி: 68 கிலோவில் ஐந்து சதவீதம் என்றால் மூன்றரைக் கிலோ கூட இல்லை. அவ்வளவு குறைந்தாலே பலருக்குச் சுழற்சி சீராக ஆரம்பிக்கிறது. ஐம்பது கிலோவுக்கு வர வேண்டும் என்று மலைத்துப்போகாதே. பாலை நிறுத்தவும் கோதுமையை நிறுத்தவும் ஆதாரம் இல்லை. 2023-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலே எந்த ஒரு தனி உணவுமுறையும் மற்றதைவிட மேல் என்று சொல்லவில்லை. நீ தொடர்ந்து சாப்பிடக்கூடிய உணவே நல்லது.

நெல்வயல்:
திருத்துறைப்பூண்டி பக்கம். எங்களுக்கு விவசாயம். அரிசியைக் குற்றம் சொல்வதைக் கேட்டால் மனசு கஷ்டப்படுகிறது. மாப்பிள்ளை சம்பா, கருப்பு கவுனி, பூங்கார் என்று நெல் ஜெயராமன் ஐயா தேடித்தேடிச் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போன நெல் எவ்வளவோ இருக்கிறது. பூங்கார் பெண்களுக்கென்றே சொல்வார்கள். பட்டை தீட்டிய வெள்ளை அரிசியை விட்டு அதற்கு மாறினால் போதாதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் மாமியார் காலத்தில் பெண்கள் காலையில் பழைய சோறு குடித்துவிட்டு இறங்கினால் பொழுது சாயும் வரை நடவு, களை, அறுப்பு. இன்றைக்கு நடவுக்கு மிஷின், அறுப்புக்கு மிஷின். சோற்றின் அளவு மட்டும் அப்படியே இருக்கிறது. எங்கள் தெருவில் பிசிஓடி என்று மாத்திரை சாப்பிடும் பெண்கள் எல்லாரும் படித்தவர்கள், உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள். அதைப் பார்க்கும்போது உழைப்பு குறைந்ததுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வார்டு சிஸ்டர்:
நெல்வயல், உங்கள் இரண்டாவது பத்தியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வயலில் வேலை செய்யும் பெண்களுக்கும் இது வரும். அவர்கள் ஸ்கேன் வரைக்கும் போவதில்லை என்பதும் உண்டு.

பாரம்பரிய அரிசி நல்லதுதான். தவிடு இருக்கிறது, நார்ச்சத்து இருக்கிறது, மென்று சாப்பிட வேண்டியிருக்கிறது. ஆனால் எந்த அரிசியாக இருந்தாலும் 100 கிராமில் முக்கால் பங்குக்கு மாவுச்சத்துதான். கவுனி என்று நம்பி இரண்டு மடங்கு சாப்பிட்டால் பலன் இல்லை. பூங்கார் பிசிஓடியைத் தீர்க்கும் என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் கிடையாது. வாங்க வசதி இல்லாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். நம் வீட்டுப் புழுங்கலரிசியே பச்சரிசியைவிடப் பரவாயில்லை. வடித்து ஆறிய சோற்றில் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறுகிறது, அதனால் பழைய சோறும் அளவாகச் சாப்பிட்டால் ஒத்துவரும். கூடவே ஒரு முட்டையோ சுண்டலோ இருக்கட்டும்.

நெல்வயல்:
சரிங்க சிஸ்டர், அளவு முக்கியம் என்பது புரிகிறது. அப்படியென்றால் பயறைப் பற்றிச் சொல்கிறேன். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே ஈரத்தில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளித்துவிடுவோம். நெல்லை அறுத்த பிறகு தாளுக்கு நடுவில் அது தலை தூக்கும். தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், பனியிலேயே வளர்ந்துவிடும். டெல்டா முழுக்க இப்படி விளைகிறது. ஆனால் மூட்டையைக் கட்டி விற்றுவிட்டு வீட்டுக்கு இட்லிக்கான உளுந்தை மட்டும் வைத்துக்கொள்கிறோம். 100 கிராம் பயறில் 24 கிராம் புரதம் என்று போட்டிருந்தார்கள். இனிமேல் ஒரு டின் பயறு வீட்டுக்கென்று எடுத்துவைக்கப் போகிறேன். சாயங்காலம் முறுக்குக்குப் பதில் சுண்டல்.

மயிலாடுதுறை அம்மா:
எல்லாப் பதிவையும் படித்தேன். என் மகளுக்கு 15 வயது. 13-இல் வயசுக்கு வந்தாள். 40 நாள், 42 நாள் என்று தள்ளி வருகிறது. வயிற்றுவலிக்கு ஸ்கேன் எடுத்த இடத்தில் பிசிஓடி என்று எழுதிவிட்டார்கள். சொந்தக்காரர் ஒருவர் கழற்சிக்காயைச் சுட்டுப் பருப்பை எடுத்து மிளகோடு பொடி செய்து வெறும் வயிற்றில் கொடுக்கச் சொன்னார். கசப்பில் குழந்தை வாந்தி எடுக்கிறாள். உளுந்தங்களியும் தினம் கிண்டித் தருகிறேன். தொடரலாமா?

வார்டு சிஸ்டர்:
அம்மா, பொடியை நிறுத்துங்கள். வயசுக்கு வந்த முதல் மூன்று வருடத்தில் 21 நாளிலிருந்து 45 நாள் வரைக்கும் எப்படி வந்தாலும் இயல்புதான். இந்த வயதில் பல பெண்களுக்குச் சினைப்பையில் நிறைய முட்டைப்பைகள் தெரிவது இயல்பு. அதனால்தான் வளரும் பிள்ளைகளுக்கு ஸ்கேனை வைத்துப் பிசிஓடி என்று சொல்லக்கூடாது என்று வழிகாட்டுதலே இருக்கிறது. மாதவிலக்கு ஒழுங்கின்மையும் ஆண் ஹார்மோன் அடையாளமும் இரண்டும் சேர்ந்திருந்தால்தான் அந்த வயதில் யோசிக்க வேண்டும். நீங்கள் சொன்னதில் இரண்டுமே இல்லை. உங்கள் மகளிடம் "உனக்குப் பிசிஓடி" என்ற சொல்லைத் தயவுசெய்து ஏற்றாதீர்கள். அவளுக்கு வேண்டியது விளையாட்டு, தூக்கம், வயிறார நல்ல சாப்பாடு. வயிற்றுவலி தொடர்ந்தால் அதற்குத் தனியாகக் காட்டுங்கள். 45 நாளைத் தாண்டிப் போனால் அப்போது பார்க்கலாம்.

கழற்சிக்காய், மலைவேம்பு பற்றி வார்டிலேயே தினமும் கேட்பார்கள். எலிகளில் பார்த்த ஆய்வை வைத்து மனிதருக்கு இவ்வளவு கொடு என்று சொல்ல முடியாது. சித்த மருத்துவம்தான் வேண்டுமென்றால் அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது. படித்த மருத்துவர் கையால் வாங்குங்கள், சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் சொல்லுங்கள்.

உளுந்தங்களி நல்ல சாப்பாடு. ஆனால் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊற்றித் தினமும் வேண்டாம், வாரத்தில் ஒரு நாள் போதும்.

நாகை அலை:
என்னை மாதிரி ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எடை 47 கிலோ. எனக்கும் பிசிஓடி. ஒல்லியாக இருக்கிறவளுக்கு எப்படி என்று நம்பவே மாட்டார்கள். எடையைக் குறை என்ற வழக்கமான அறிவுரையைக் கேட்டுச் சாப்பாட்டைப் பாதியாக்கி மயங்கி விழுந்ததுதான் மிச்சம். அப்புறம் பார்த்த டாக்டர், குறைக்க வேண்டிய எடை எனக்கு இல்லை, தசையைக் கூட்ட வேண்டும் என்றார். வாரத்தில் இரண்டு, மூன்று நாள் உடம்புக்குப் பாரம் கொடுக்கும் பயிற்சி. ஜிம் இல்லாத ஊர். தண்ணீர்க் குடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுப்பது, படி ஏறுவது. சாப்பாட்டில் மீன். எங்கள் ஊரில் மத்தியும் நெத்திலியும் மலிவு. பொரிக்காமல் குழம்பில், இல்லையென்றால் அவியல் மாதிரி. தினம் பரோட்டா வாங்கிவந்த வழக்கத்தை நிறுத்தினேன். பரு குறைந்தது. மாதவிலக்கு 35 நாளுக்குள் வருகிறது. தாடை முடி மட்டும் இன்னும் இருக்கிறது.

வார்டு சிஸ்டர்:
நாகை அலை, நன்றாகச் செய்கிறீர்கள். முடிதான் கடைசியில் குறையும். மருந்து எடுத்தாலே குறைந்தது ஆறு மாதம் ஆகும். அதுவரை த்ரெட்டிங் செய்துகொள்வதில் தப்பே இல்லை, எடுத்தால் அடர்த்தியாக முளைக்கும் என்பது உண்மை இல்லை.

ஒரத்தநாடு அண்ணன்:
பெண்கள் பேசும் இடத்தில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மனைவிக்குப் பிசிஓடி. கல்யாணம் ஆகி மூன்று வருடம், குழந்தை இல்லை. விசேஷ வீட்டுக்குப் போகவே பயப்படுகிறாள். ராத்திரியில் தூங்குவதில்லை. எடையைக் குறைத்தால் குழந்தை நிற்குமா? நான் என்ன செய்ய வேண்டும்?

குடமுருட்டிக்கரை:
அண்ணா, நீங்கள் வந்து கேட்டதே பெரிய விஷயம். விசேஷ வீட்டில் யாராவது கேள்வி கேட்டால் நீங்கள் பதில் சொல்லுங்கள், அவரைச் சொல்ல விடாதீர்கள். உங்கள் அம்மாவிடமும் நீங்களே பேசுங்கள். எனக்கு என் வீட்டுக்காரர் செய்தது அதுதான், அதுவே பாதி பாரத்தை இறக்கிவைத்தது. ராத்திரி சாப்பிட்டதும் இரண்டு பேரும் சேர்ந்து கால் மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். சாப்பிட்ட பிறகு நடக்கும் அந்த நடை சர்க்கரையையும் இறக்கும், மனசு விட்டுப் பேசவும் நேரம் கிடைக்கும்.

வார்டு சிஸ்டர்:
தம்பி, பிசிஓடி இருந்தால் குழந்தை பிறக்காது என்பது தவறு. முட்டை ஒழுங்காக வெளிவராததுதான் சிக்கல், அதற்கு லெட்ரோசோல் என்ற மாத்திரையே முதல் சிகிச்சை. பெரும்பாலானவர்களுக்கு அதிலேயே பலன் தெரியும். எடை குறைந்தால் மருந்து இன்னும் நன்றாக வேலை செய்யும். ஆனால் முதலில் நீங்கள் விந்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மனைவியை மட்டும் ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு அலைந்துவிட்டுக் கடைசியில் கணவருக்குப் பார்த்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தூக்கமில்லாததையும் சோர்வையும் டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். பிசிஓடி உள்ளவர்களுக்கு மனச்சோர்வு அதிகம், அதற்கும் சிகிச்சை உண்டு. குறட்டை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அரசலாறு, உன் அப்பாயிக்கும் இதைப் படித்துக் காட்டு. கல்யாணம் இன்சுலினைச் சரி செய்யாது. மறைத்துச் செய்துவைத்தால் புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்துவைத்துச் சாப்பிட வேண்டிவரும். அப்படி ஒளித்து, நிறுத்தி, ரத்தம் நிற்காமல் வந்து சேர்ந்த பிள்ளைகளை வார்டில் பார்த்தவள் நான். கல்யாணம் எப்போது என்பது உன் முடிவு, சிகிச்சைக்கும் அதற்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

அரசலாறு:
எல்லாருக்கும் நன்றி. கொஞ்ச நாளாக எழுத முடியவில்லை. பதிவுகளை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மறுநாள் உலையில் போடும் அரிசியில் அரை ஆழாக்கு குறைத்துவிட்டு, முருங்கைக்கீரையும் பருப்புமாக ஒரு சட்டி நிறையச் செய்தார். அப்பா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார், ஆனால் சாப்பிட்டார். நான் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். சாயங்காலம் ஆற்றங்கரையில் நானும் தோழியும் வேகமாக நடக்கிறோம். வாரத்துக்கு 150 நிமிடம் வேண்டும் என்று எங்கேயோ படித்தேன், அது சரியா? மெட்பார்மின் போட்டால் வயிறு பிரட்டுகிறது, நிறுத்திவிடலாமா? ஆடிப்பெருக்கு வருகிறது. புளியோதரை, தேங்காய்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல், எலுமிச்சைச் சாதம் எல்லாம் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போவோம். அன்றைக்கு என்ன செய்வது?

குடமுருட்டிக்கரை:
ஆடிப்பெருக்கு வருடத்துக்கு ஒரு நாள். எல்லாவற்றிலும் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு சந்தோஷமாகச் சாப்பிடு. கூடவே ஒரு தூக்கு சுண்டலும் வெள்ளரிக்காயும் எடுத்துக்கொண்டு போ. கெடுப்பது அந்த ஒரு நாள் இல்லை, தினசரி காபிச் சர்க்கரையும் சாயங்கால மிக்சரும்தான்.

வார்டு சிஸ்டர்:
150 நிமிடம் என்பது குறைந்தபட்சம். எடையும் குறைய வேண்டுமென்றால் 250 நிமிடம் வரைக்கும் மெதுவாகக் கூட்டு. நாகை அலை சொன்ன குடம் தூக்கும் பயிற்சியையும் வாரத்தில் இரண்டு நாள் சேர்த்துக்கொள்.

மெட்பார்மினை நீயாக நிறுத்தாதே. சாப்பாட்டின் நடுவிலோ சாப்பிட்டு முடித்த உடனேயோ போட்டுப் பார். அப்படியும் பிரட்டினால் குறைந்த அளவில் ஆரம்பித்து ஏற்றும்படி டாக்டரிடம் கேள். மெதுவாகக் கரையும் வகையும் உண்டு. நீண்ட நாள் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம். சைவம் என்றால் அதையும் பரிசோதித்துக்கொள்.

அரசலாறு:
வெள்ளிக்கிழமை தஞ்சாவூர் போகிறோம் சிஸ்டர். அந்த 75 கிராம் குளுக்கோஸ் சோதனைக்கு எப்படித் தயாராக வேண்டும்? அதற்கு முன்னால் இரண்டு நாள் சோற்றைச் சுத்தமாக விட்டுவிடட்டுமா?

வார்டு சிஸ்டர்:
விடவே கூடாது. முந்தின மூன்று நாளும் வழக்கம்போலச் சோறு, இட்லி சாப்பிடு. குறைத்தால் சோதனை முடிவு தவறாக வரும். முந்தின ராத்திரி சாப்பிட்டு எட்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அதுவரை தண்ணீர் குடிக்கலாம், காபி கூடாது. முதலில் ஒரு தடவை ரத்தம் எடுப்பார்கள். குளுக்கோஸ் தண்ணீரை ஐந்து நிமிடத்துக்குள் குடித்துவிட வேண்டும். குமட்டினால் அந்த நேரத்துக்குள்ளேயே சிறுகச் சிறுகக் குடி, வாந்தி எடுத்தால் சோதனை செல்லாது. அடுத்த இரண்டு மணி நேரம் கடைத்தெருவைச் சுற்றாமல் அங்கேயே உட்கார்ந்திரு. வேறெதுவும் சாப்பிடாதே. இரண்டாவது ரத்தம் எடுத்ததும் சாப்பிட இட்லியும் பயறும் கட்டி எடுத்துக்கொண்டு போ.

மெட்பார்மினை அன்று காலையில் போடலாமா என்று டாக்டருக்குப் போன் செய்து கேட்டுக்கொள். கடைசி ஆறு மாதவிலக்குத் தேதிகளை ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டு போ, பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டும் வேண்டும். தைராய்டு, புரோலாக்டின் எடுக்கவில்லை என்றால் முதலில் எடுக்கும் ரத்தத்திலேயே அவற்றையும் சேர்த்து எழுதித்தரச் சொல். கையில் இன்னொரு ஊசி குத்த வேண்டியிருக்காது. முடிவு வந்ததும் இங்கே போடு, பார்த்துச் சொல்கிறேன்.